இரண்டாவது மிரட்டல்

உங்கள் பொலிஸ் கன்டீனில் பிளேன்டீக்கு இஞ்சி தட்டிப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது, சார். தெரிந்திருந்தால் இவ்வளவு நாள் தாமதித்திருக்க மாட்டேன்.

நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம். தமிழில் நானே எழுதித் தருகிறேன், பிறகு யாரையாவது கொண்டு மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்காக எழுதிக்கொடுத்த கை இது. என் பெயர் தில்லைநாதன், வயது அறுபத்தாறு. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடியில் மனைவி சிவமணியோடு இருக்கிறேன். காலி வீதியில் உள்ள ஒரு விளம்பர முகவர் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேப்பருக்கும் வானொலிக்கும் மரண அறிவித்தல் எழுதுவது என் பிரிவு. யார் யாருடைய பாசமிகு மகன், யார் யாருடைய அருமை மைத்துனர், யார் லண்டன், யார் கனடா என்பதையெல்லாம் பிசகில்லாமல் வரிசைப்படுத்துவது சின்ன வேலை இல்லை. ஒரு மருமகனை விட்டுவிட்டால் ஏழு வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கொன்ஸ்ரன்ஸ் அக்காவோடு எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதை எல்லாவற்றுக்கும் முதல் எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு டிசெம்பரிலும் நத்தாருக்கு வத்தளையில் இருந்து எனக்குக் கேக் அனுப்புகிறவர். அவருக்கு இருதயம் பலவீனம், அதிர்ச்சியான செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும். தெரியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவருடைய தம்பி ஹியூபேட்டை ஒரே ஒரு தரம் சதுரங்கத்தில் வெல்ல வேண்டும்.

ஹியூபேட் கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். பதினொரு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போவேன். அவன் மனைவி றேணுகா டீ போட்டு வைப்பா. நாங்கள் விளையாடுவோம், நான் தோற்பேன். பதினொரு வருடத்தில் ஒன்பது ஆட்டம் சமநிலை. அந்த ஒன்பதும் அவனுக்குப் பசி வந்து அவனாகக் கேட்டவை.

அவன் ஒரு புத்தகம் படித்தவன் இல்லை. எந்தத் தொடக்கத்துக்கும் பெயர் தெரியாது. கடலையைக் கொறித்துக்கொண்டு, கோயில் பாட்டொன்றை மூக்கால் பாடிக்கொண்டு, அரை நிமிடத்தில் காயை நகர்த்திவிட்டு ஜன்னலால் தெருவைப் பார்ப்பான். நானோ படித்தவன். மருதானையில் பழைய புத்தகக் கடைகளில் தேடி, உலக வல்லுநர்களின் ஆட்டங்களுக்கு விளக்கவுரை எழுதிய சஞ்சிகைகளைச் சேர்த்தேன். பிறகு கொம்பியூட்டரில் ஒரு கிராண்ட்மாஸ்டரின் விளக்கங்களைப் பார்க்கத் தொடங்கினேன். உலகப் போட்டி நடக்கிறபோது அவர் ஒவ்வொரு நகர்வாக விளக்குவார். குரலை உயர்த்த மாட்டார். ஒரு குதிரையைப் பலி கொடுத்தால், அது தன் கடமையைச் செய்துவிட்டது என்பார், அடுத்த நகர்வுக்குப் போய்விடுவார். அவர் சொன்னதையெல்லாம் நான் தடித்த அட்டை போட்ட சி.ஆர் கொப்பிகளில் எழுதினேன். பதினேழு கொப்பி. அவற்றை நேற்று உங்கள் ஆட்கள் கொண்டுவந்துவிட்டார்கள், கவனமாக வைத்திருங்கள், நாலாவது கொப்பியில் தையல் விட்டுப்போயிருக்கிறது.

இத்தனை படித்தும் ஏன் தோற்றாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு விளக்கம் வந்த அளவுக்கு விளையாட்டு வரவில்லை. தோற்று முடிந்த பிறகு, எந்த இடத்தில், எந்த எண்ணத்தால், எந்த நுட்பமான காரணத்தால் தோற்றேன் என்று ஹியூபேட்டுக்கு நான் சொல்லிக் காட்டுவேன். அவன் பொறுமையாகக் கேட்பான்.

"நீ சொல்றது எல்லாம் சரி மச்சான்," என்பான் கடைசியில். "கேக்கவே நல்லா இருக்கு. ஆனா உன்ட ராணி அங்க சும்மா நின்டிச்சு. நான் வெட்டிட்டேன்."

அவ்வளவுதான் அவனுடைய விளக்கவுரை. பதினொரு வருடமும் அதேதான். வீட்டுக்கு வந்தால் சிவமணி.

"இஞ்சருங்கோ, தோத்துப்போட்டு வந்து ஏன் தோத்தனான் எண்டு ரெண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்துற ஒரே ஆள் இந்த உலகத்தில நீங்கள்தான். வெண்ட ஆக்களே அவ்வளவு கதைக்கிறேல்லை."

ஒருநாள் அவ மீன் வாங்கப் போய்க் கத்தரிக்காயோடு வந்தபோது, எண்ணம் நல்லது, வரிசைதான் பிழை, முதலில் மீன்காரனிடம் போயிருக்க வேண்டும் என்று சொன்னேன். அன்றைக்கு எனக்குக் கத்தரிக்காயும் கிடைக்கவில்லை.

இந்தப் பங்குனியில் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் மூத்தோருக்கான போட்டி தொடங்கியது. எட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சுற்று. அட்டவணையை முதல் நாளே சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஏழாவது, கடைசிச் சுற்றில் நானும் ஹியூபேட்டும். அந்தச் சுற்று வந்தபோது அவன் எல்லா ஆட்டமும் வென்று முதலிடத்தை உறுதி செய்துவிட்டான். நான் எட்டாமிடத்தை உறுதி செய்துவிட்டேன். எங்கள் ஆட்டத்தால் எதுவும் மாறப் போவதில்லை. அதனால் அது சுத்தமான ஆட்டம் என்று எனக்குப் பட்டது, பரிசுக்காக யாரும் விளையாடவில்லை அல்லவா.

மூன்றாவது கொப்பியில் கிராண்ட்மாஸ்டர் சொன்ன ஒன்று இருக்கிறது. தாக்க வழியில்லாதபோது, உன்னுடைய காய்களில் வேலையில்லாமல் நிற்பது எது என்று பார், அதற்கு வேலை கொடு. நான் என்னிடம் உள்ளதையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். ராணியும் கோட்டையும் எனக்குச் சொல்வழி கேட்டதில்லை. வேலையில்லாமல் நின்றது இருபத்தாறு வருட மரண அறிவித்தல்தான்.

கடைசிச் சுற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பின்னேரம் முகவர் நிலையத்துக்குப் போன் செய்தேன். எனக்குப் பிறகு அந்த மேசைக்கு வந்த பிள்ளை பஹ்மிதா. நான்தான் அவளுக்கு வேலை பழக்கினேன், நல்ல பிள்ளை. ஹியூபேட் காலமாகிவிட்டான் என்று சொல்லி, அறிவித்தலை வாயால் சொன்னேன், அவள் தட்டச்சு செய்தாள். நடுவில் அழுதாள்.

"அல்லாவே, அந்தச் சிரிக்கிற அங்கிளா? போன மாசம் கூட உங்களோட இங்க வந்தாரே."

கவலைப்படாதே பிள்ளை, வாழ்க்கை அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன். மரணச் சான்றிதழைப் பற்றி அவளாகவே, "திங்கக்கிழம தந்தா போதும் அங்கிள்," என்றாள். அறிவித்தல் போடுமுன் செத்தவீட்டுக்குப் போன் செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதியை அந்த நிலையத்தில் கொண்டுவந்தவனே நான். நானே சொல்கிறபோது அவள் யாரைக் கேட்பாள்? அது அவளுடைய பிழை என்று நான் சொல்ல மாட்டேன், அந்த நிலையில் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

கணக்கு என்னவென்று உங்களுக்கு விளக்குகிறேன். ஞாயிறு காலை பேப்பரில் வரும். ஹியூபேட் பேப்பர் எடுப்பதில்லை. அவன் ஆறரைப் பூசைக்குப் போய்விட்டு, நேரே மண்டபத்துக்கு வருவான். ஆட்டம் ஒன்பதரைக்கு. ஆளுக்குத் தொண்ணூறு நிமிடம். போன் எல்லாம் வாசலில் ஒரு பெட்டியில். பத்து மணியளவில் அவன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஆட்கள் வருவார்கள். றேணுகா மண்டபத்துக்கு ஓடி வருவா. அவன் எழுந்து போவான். மணிக்கூடு ஓடும். அவன் நேரம் முடிந்தால் நான் வென்றேன். நேரத்தால் வெல்வதும் வெற்றிதான், உலகப் போட்டிகளிலும் நடக்கிறது, கிராண்ட்மாஸ்டர் அதற்கென்றே ஒரு முழுப் பாடம் எடுத்திருக்கிறார்.

ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் எதிராளி என்ன செய்வான் என்று கேட்க வேண்டும். கேட்டேன். ஹியூபேட் சிரிப்பான். வாசலுக்குப் போய், இதோ இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவான். வந்து என் ராணியை வெட்டுவான். ஆகவே வாசல் போதாது. அவன் தூரமாகப் போக வேண்டும். ஹியூபேட் எதற்காகத் தூரமாக ஓடுவான்? இந்த உலகத்தில் ஒன்றுக்காக மட்டும்தான், அவனுடைய அக்காவுக்காக.

வத்தளையில் கொன்ஸ்ரன்ஸ் அக்கா மகன் மெல்ரோயோடு இருந்தார். அவரை அந்தக் குடும்பம் காத்த விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மெல்ரோய் பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை உருவிவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பான். யாராவது அழைத்துக் கெட்ட செய்தி சொல்லிவிடுவார்கள் என்று அவருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டான். மிஞ்சியது ஒரு வானொலி. அதையும் எடுத்தால் செத்துப்போவேன் என்று அவர் சொன்னதால் விட்டுவைத்தான். ஞாயிறுகளில் பதினொரு மணிக்குத்தான் அதைத் திறப்பார். பழைய பாட்டு, நடுவில் பதினொன்றேகாலுக்கு மரண அறிவித்தல், பிறகு மறுபடி பாட்டு. அந்தப் பதினொன்றேகாலுக்கு மெல்ரோய் வந்து சத்தத்தைக் குறைத்துவிடுவான். ஆனால் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவனுக்குத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயும் போனை வெளியே வைத்துவிட வேண்டும். இதெல்லாம் ஹியூபேட் சனிக்கிழமைகளில் சொன்னவை. நான் கேட்டு வாங்கவில்லை.

அறிவித்தலை வானொலிக்கும் கொடுக்கும்படி பஹ்மிதாவிடம் சொன்னேன். பத்துக்கும், பதினொன்றேகாலுக்கும்.

நீங்கள் இந்த இடத்தில் என்னைத் தப்பாக விளங்கிக்கொள்ளக் கூடாது. அக்கா கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கேட்கக் கூடும் என்பது ஹியூபேட்டுக்குத் தெரிந்தால் போதும். அவன் பத்து மணி அறிவித்தலைப் பற்றி அறிவான், ஓட்டோ பிடித்து வத்தளைக்குப் பறப்பான், பதினொன்றேகாலுக்கு முன் போய்ச் சேருவான். அக்காவுக்கு ஒன்றும் ஆகாது, எனக்கு ஒரு வெற்றி. ஞாயிற்றுக்கிழமை களனிப் பாலத்தில் நெரிசல் இல்லை. நான் முந்தின ஞாயிறே ஓட்டோவில் போய் நேரம் பார்த்தேன், இருபது நிமிடம்.

ஞாயிறு வந்தது. ஒன்பதரைக்கு ஆட்டம் தொடங்கியது. நான் நன்றாக விளையாடினேன் என்றுதான் இன்னும் நினைக்கிறேன், கொம்பியூட்டர் வேறு அபிப்பிராயம் சொல்கிறது. பத்தேகாலுக்கு றேணுகா வந்தா. முகத்தில் இரத்தமே இல்லை.

"என்னங்க, வீட்டு வாசல்ல மலர்வளையத்தோட ஆக்கள் நிக்கிறாங்க. நீங்க செத்துட்டீங்களாம்."

ஹியூபேட் என்னைப் பார்த்தான், தன்னைப் பார்த்தான், பிறகு மண்டபமே அதிரச் சிரித்தான். நான் நினைத்தபடியே எழுந்து போனான். வந்தவர்களில் பாதிப் பேர் மண்டபத்து வாசலுக்கே வந்துவிட்டார்கள். துறைமுகத்தில் அவனோடு வேலை செய்த ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்து, ஹியூபேட் போயிட்டானே என்று அவனிடமே சொல்லி அழுதார். இன்னொருவர், பேப்பரில் தெளிவாகப் போட்டிருக்கிறது என்று வாதாடினார். மலர்வளையத்தைத் திருப்பிக் கொண்டுபோக யாரும் சம்மதிக்கவில்லை, அது அபசகுனமாம். கடைசியில் அதை நடுவரின் மேசையில் வைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் சிவமணியும் இருந்தா, வெள்ளைச் சேலையில். காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு எனக்கு அழைத்திருக்கிறா, என் போன் பெட்டிக்குள். அவவாகவே ஓட்டோ பிடித்து வந்துவிட்டா. ஹியூபேட்டையும் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தா.

"ஐயோ கடவுளே," என்றா எல்லோருக்கும் கேட்க, "இந்த மனுசன் செத்த ஆளோட விளையாடியும் தோக்குதே."

எல்லோரும் சிரித்தார்கள். ஹியூபேட் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். நான் கோபப்படவில்லை. எனக்கு மனம் நொந்தது உண்மை, அது வேறு.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்து இரண்டு மூன்று நகர்வு விளையாடினான். பத்து ஐம்பத்துமூன்றுக்கு றேணுகா மறுபடி வந்தா, இந்த முறை ஓடி.

"பத்து மணிக்கு ரேடியோவிலயும் சொன்னாங்களாம். பதினொன்னேகாலுக்குத் திரும்பச் சொல்லுவாங்களாம். அங்க வத்தளையில உங்கட அக்கா தனிய இருக்கிறா. மெல்ரோய் வேலைக்குப் போயிட்டான், போன் எடுக்கிறான் இல்ல."

சிரிப்பு நின்றது. ஹியூபேட் எழுந்தான். அவன் முகம் அப்படிப் போனதைப் பதினொரு வருடத்தில் நான் கண்டதில்லை.

"மச்சான், மணிக்கூட்ட நிப்பாட்டுவமா? அக்காட்டப் போய்ட்டு ஓடி வாறன்."

விதியில் அதற்கு இடமில்லை என்று நான் சொன்னேன். நடுவரும் தலையாட்டினார், அவர் விதிப் புத்தகத்தை மலர்வளையத்துக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தார். ஹியூபேட் கதவு வரைக்கும் போய்விட்டான்.

"உன் நகர்வு, ஹியூபேட்," என்றேன்.

இதை ஏன் சொன்னாய் என்று நேற்றும் கேட்டீர்கள். அவனுடைய நகர்வுதான் அது, சார். ஞாபகப்படுத்துவது பண்பு. அவன் திரும்பி வந்தான். நின்றபடியே பலகையைப் பார்த்தான். எப்போதும் அரை நிமிடத்தில் நகர்த்துகிறவன், அன்றைக்கு நாலு நிமிடம் எடுத்தான். ஒரு சிப்பாயை முன்னே தள்ளி, மணிக்கூட்டை அமத்திவிட்டு ஓடினான். அவன் வாசலைத் தாண்டியபோது பத்து ஐம்பத்தெட்டு. வத்தளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று பதினெட்டு. வழக்கம்போல அரை நிமிடத்தில் நகர்த்தியிருந்தால் பதினொன்றேகாலுக்கு முன்னமே அக்காவின் முன்னால் நின்றிருப்பான். அந்த நாலு நிமிடத்துக்கு நான் பொறுப்பாக முடியாது. இதை உங்கள் அறிக்கையில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் மணிக்கூட்டை அமத்திவிட்டுப் போனதால் ஓடியது என் நேரம். அந்தச் சிப்பாய் நகர்வு பொல்லாத நகர்வு. நான் இருபத்திரண்டு நிமிடம் யோசித்தேன். கிராண்ட்மாஸ்டர் சொன்னபடி எல்லாக் காய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கே ஐந்து நிமிடம்தான் மிச்சம் இருந்தபோது ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினேன். இனி ஹியூபேட்டின் பக்கம் அறுபத்தைந்து நிமிடம் ஓட வேண்டும்.

இப்போது கொப்பி பதினொன்றுக்கு வருகிறேன். ஒரு மிரட்டல் என்றால் எதிராளி தடுத்துவிடுவான், ஒரே நேரத்தில் இரண்டு என்றால் தடுக்க முடியாது. கிராண்ட்மாஸ்டர் அதை ஒரு உலகச் சாம்பியனின் ஆட்டத்தில் காட்டியபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். வத்தளைக்குப் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். அக்காவுக்கு முகத்தைக் காட்டிவிட்டு அவன் உடனே திரும்பினால், பதினொன்றே முக்காலுக்குப் பலகைக்கு முன்னால் இருப்பான். அவனுக்கு அது தாராளம். முகத்தைக் காட்டினாலும் தீராத ஏதோ ஒன்று அவனை அங்கேயே பிடித்து வைத்திருக்க வேண்டும்.

வலன்ரைன் அவர்களுடைய நடுச் சகோதரன். இத்தாலியில் இருந்தவன். கொரோனாக் காலத்தில் அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உடல் வராததால் அக்காவிடம் மறைப்பது சுலபமாக இருந்தது. ஒவ்வொரு நத்தாருக்கும் ஹியூபேட் தெருமுனைக் கடையில் நின்று, வாயில் கைலேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு, வலன்ரைனின் குரலில் மெல்ரோயின் போனுக்கு அழைப்பான். லைன் சரியில்லை அக்கா, இங்க சரியான குளிர் அக்கா என்பான். அக்கா சத்தம் போட்டு, ஸ்வெட்டர் போடுடா என்பார். இதைச் சொல்லிக் காட்டும்போது ஹியூபேட் சிரிப்பான், சிரித்து முடிய மூக்கைச் சிந்துவான். இது அவன் வீட்டாருக்கு வெளியே எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

நான் சொன்ன அறிவித்தலில் ஒரு வரி இப்படி இருந்தது: அன்னார் றேணுகாவின் அன்புக் கணவரும், வத்தளை கொன்ஸ்ரன்ஸ், காலஞ்சென்ற வலன்ரைன் (இத்தாலி) ஆகியோரின் பாசமிகு சகோதரரும் ஆவார்.

வலன்ரைனின் பெயரையே விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். விட்டிருக்கலாம். உயிரோடு இருப்பதாகவும் போட்டிருக்கலாம். இரண்டையும் யோசித்தேன். ஆனால் அப்போது அது ஒற்றை மிரட்டலாகத்தான் இருந்திருக்கும். தவிரவும் என் வாழ்நாளில் நான் ஒரு பிழையான உறவுமுறை போட்டதில்லை. அந்த அறிவித்தலில் ஹியூபேட்டைத் தவிர மற்ற எல்லாமே உண்மை.

அங்கே நடந்ததை ஹியூபேட்தான் எனக்குச் சொன்னான், செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு. அவன் போனபோது அக்கா வானொலிக்கு முன்னால் கதிரையில் இருந்திருக்கிறார். அவனைக் கண்டதும் எழும்பி, அவன் முகத்தைத் தடவி, கன்னத்தில் அறைந்து, கொஞ்சி, உனக்கு நூறு ஆயுசுடா என்று அழுது சிரித்திருக்கிறார். ஹியூபேட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்திருக்கிறது. அவனோடு போன றேணுகா தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போயிருக்கிறா.

"அப்ப ரேடியோக்காரன் சொன்னது பொய்தானே?" என்று அக்கா கேட்டாராம்.

"பொய் அக்கா. முழுப் பொய்."

"அப்ப வலன்ரைன்?"

ஹியூபேட்டுக்குப் பொய் சொல்ல வராமல் போயிருக்கிறது. "நாலு வருசமாச் சொன்ன எனக்கு, மச்சான், அந்த ஒரு நேரம் வாய் வரல்ல," என்றான் என்னிடம். அக்கா திரும்பவும் கேட்கவில்லையாம். மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்த நேரம் நான் மண்டபத்தில் இருந்தேன். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஹியூபேட்டின் நேரம் முடிந்தது. நடுவர் என் பெயருக்கு நேரே ஒன்று என்று போட்டார். நான் கையெழுத்து வைத்தேன். எதிர்க் கதிரைக்குக் கை கொடுக்க முடியாதது ஒரு குறைதான்.

செத்தவீட்டில் அக்காவின் அறிவித்தலை நான்தான் எழுத வேண்டும் என்று ஹியூபேட் கேட்டுக்கொண்டான். உன்னைப்போல யாருக்கு மச்சான் எழுத வரும் என்றான். எழுதிக் கொடுத்தேன். அடக்கத்துக்கு வெள்ளவத்தையில் இருந்தும் நிறையப் பேர் வந்தார்கள். அதை வாசித்துவிட்டு மெல்ரோய் என் தோளில் சாய்ந்து அழுதான். அவன் ஞாயிறு வேலைக்குப் போனதால்தான் அம்மா போனா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அப்படியெல்லாம் நினைக்காதே மகன் என்று நான் அவனைத் தேற்றினேன்.

பஹ்மிதா உண்மையைத்தான் சொன்னாள். தில்லை அங்கிள்தான் போனில் தந்தார் என்றாள். முதலாளி என் வீட்டுக்கு வந்து கேட்டார். எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லை என்றேன். மூன்றாம் நாள் அவளை வேலையால் நிற்பாட்டினார்கள். அவளுடைய உம்மா சிவமணிக்கு அழைத்து அழுதா. ஹியூபேட்கூட, "அந்தப் பிள்ள பாவம் மச்சான், வேற யாரோட பேரோ மாறிப்போச்சுப் போல," என்றான். அவன் யாரையும் திட்டவில்லை. என்னை அவன் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை. அதுவும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பதினொரு வருடமாக என்னோடு விளையாடியவன், எனக்குள் இப்படி ஒரு ஆட்டம் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஐந்து கிழமை போனது. சனிக்கிழமைகளில் ஹியூபேட் விளையாடுவதில்லை. பலகையை விரித்துவிட்டு ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பான், நான் டீயைக் குடித்துவிட்டு வருவேன். வென்ற ஆட்டத்தை அவனுக்கு விளக்க எனக்கு ஒரு தருணமும் கிடைக்கவில்லை. கிராண்ட்மாஸ்டருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், அறிவித்தலையும் சேர்த்து. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று தானாக ஒரு பதில் வந்தது.

நேற்றுக் காலை நானாகவே இங்கு வந்தேன். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. ஏன் வந்தாய் என்று நீங்கள் கேட்டபோது, பஹ்மிதாவுக்காக என்று சொன்னேன். அது உண்மைதான். ஒரு ஏழைப் பிள்ளை செய்யாத ஒன்றுக்காக வேலை இழந்து நிற்பதை எந்த மனச்சாட்சி தாங்கும்?

அறிவித்தலை எழுதியவன் நான். அக்காவின் இருதயத்தைப் பற்றித் தெரிந்தும், மெல்ரோய் வேலைக்குப் போகும் ஞாயிறு எது என்று தெரிந்தும், வலன்ரைனின் சாவை அதற்குள் வைத்தவன் நான். ஹியூபேட்டை நிறுத்தி வைத்தவனும் நான்தான், அந்த நாலு நிமிடத்தையும் வேண்டுமென்றால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், நான் தர்க்கம் பண்ணவில்லை. கீழே கையெழுத்து வைக்கிறேன்.

இத்தோடு நேற்றைய பேப்பரில் வந்த ஒரு சிறிய கட்டத்தை வெட்டி இணைத்திருக்கிறேன். ஹியூபேட்டின் மரண அறிவித்தல் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் தவறுதலாகப் பிரசுரமாகிவிட்டது, வருந்துகிறோம் என்று போட்டிருக்கிறார்கள். அதை வாசித்த கையோடுதான் ஓட்டோ பிடித்தேன். பஹ்மிதாவுக்கு வேலையைத் திருப்பிக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் பாடு, சார். கவனக்குறைவு என்று போட்டதை மட்டும் அவர்கள் திருத்திப் போட வேண்டும், என் பெயரோடு.